திங்கட்கிழமை பார்க்கப் போன முகம்

அவள் கண்ணாடி போட்டவள் இல்லை. ஆனாலும் அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்காதான். கீழ்த்தளத்தில் இருக்கும் நாற்பத்தொரு கண்ணாடிப் பெட்டிகளையும் இருபத்திரண்டு வருஷமாகத் துடைத்து வருகிறவள். வெளிப்பக்கம் துடைக்கும்போது துணியை மேலிருந்து கீழே இழுப்பாள். உள்பக்கம் துடைக்கும்போது இடமிருந்து வலமாக. "கோடு விழுந்தா எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு தேடிக்கிட்டு நிக்க வேணாம் பாரு" என்பாள் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம்.

கண்ணாடியைத் துடைக்கிறவளுக்கு, பார்க்க வந்தவர்களைப் பற்றி அவர்களுக்கே தெரியாத சங்கதிகள் தெரியும். ராஜாவின் வாள் இருக்கும் பெட்டியில் விரல் தடம் மட்டும்தான் இருக்கும். சுட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூலையில், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய மர எலிப்பொறி ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டியின் கண்ணாடி முழுக்க மூக்குக் கறை. பெரிய மூக்கு, சின்ன மூக்கு, நெற்றி எண்ணெய். எது மனிதர்களை நிறுத்தி வைக்கிறது என்பதை வழிகாட்டிப் புத்தகம் எழுதியவர்களைவிட அவள் நன்றாக அறிவாள்.

அவள் மட்டும் நிற்கக் கூடாது. பார்வையாளர் நேரத்தில் துப்புரவுப் பணியாளர்கள் எந்தப் பொருளின் முன்னாலும் நின்று பார்க்கக் கூடாது என்று ஒரு விதி. எந்தப் புண்ணியவான் எழுதிய விதியோ தெரியாது, காகிதத்தில் யாரும் கண்டதில்லை. ஆனால் அதைக் காப்பாற்ற மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். யாராவது அரை நிமிஷம் நின்றால் பல்லிடுக்கில் மெல்ல விசில் அடிப்பார். அவர் பெயரே 'விசில்' என்று ஆகிவிட்டது. ஒரு பொருளைத் தூசி தட்டிப் பாதுகாக்கத் தகுதி உண்டு, அதை ஏறெடுத்துப் பார்க்கத் தகுதி இல்லை என்றால் அது என்ன கணக்கு? கேட்க ஆளில்லை. அதனால் கண்ணாடியக்கா கை ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

அப்படி அவள் மிக அதிகமாகப் பார்த்தது ஒரு ஜோடிக் கால்களை.

கடைசி அறையில், முழங்காலுக்குக் கீழே மட்டும் மிஞ்சிய ஒரு கற்சிலை. இடது பாதம் தரையில் பதிந்திருக்கும். வலது குதிகால் ஒரு விரற்கடை தூக்கியிருக்கும். செதுக்கியவன் பொல்லாதவன், குதிகாலில் பித்தவெடிப்பைக்கூட விடவில்லை. பெயர்ப்பலகையோ, 'வானுலக நங்கையின் பாதங்கள், நடன நிலை' என்று சொன்னது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், சிலையின் மேற்பகுதி இன்ன நாட்டில் இன்ன ஊரின் அருங்காட்சியகத்தில் உள்ளது என்று ஒரு வரி. அந்தக் காலத்தில் ஆள வந்த அதிகாரி ஒருவர் தூக்கிக்கொண்டு போனாராம். உடைந்து கிடந்ததில் முகத்தை எடுத்துக்கொண்டு காலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பலகை 'கொண்டு செல்லப்பட்டது' என்று மரியாதையாக எழுதியிருந்தது. நம் வீட்டுச் சட்டி பானையை ஒருவன் இப்படிக் கொண்டு சென்றால் நாம் வேறு வார்த்தை சொல்லுவோம்.

ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல் வழிகாட்டியிடம் கேட்டேவிட்டாள்.

"சார், வானுலகத்துல இருக்கிறவங்களுக்கு எதுக்கு சார் பித்தவெடிப்பு?"

கூட்டத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். வழிகாட்டிக்கு முகம் கறுத்துவிட்டது.

"அதெல்லாம் கலைநயம்மா. ஆராய்ச்சி பண்ணவங்க எழுதியிருக்காங்க."

"ஆடுற காலுன்னா கட்டைவிரல் இப்படி ஊணாது சார். இது பாரம் தூக்குற காலு. நான் வாளி தூக்கும்போது என் காலைப் பாருங்க, இதே மாதிரிதான் நிக்கும்."

"உன் காலும் இதுவும் ஒண்ணா? போ, வேலையைப் பாரு."

தூரத்திலிருந்து விசில் வந்தது. அவள் போய்விட்டாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு ஆசை மனதில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கால்களுக்கு மேலே என்ன முகம் இருக்கும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் மகள், மூன்று நாள் வெளிநாட்டுப் பயணத்துக்கு அம்மாவை அழைத்தபோது, அவள் முதலில் மறுத்தாள்.

"என்னை எதுக்குடி இழுக்கிற? உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போ."

"நான் தினம் வேன் ஓட்டி ரோட்டைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுட்டேன்" என்றார் அப்பா. "அங்க போயும் ரோடுதான் இருக்கும். நீங்க போங்க."

மகள் நாட்டின் பெயரைச் சொன்னாள். கண்ணாடியக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அங்கயா?" என்றாள். "அப்ப வர்றேன்."

மகளிடம் ஒரு பட்டியல் இருந்தது. பத்தொன்பது இடங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை நட்சத்திரம், எவ்வளவு நேரம் என்று குறித்திருந்தாள். அம்மா கேட்ட அருங்காட்சியகம் அதில் இல்லை. தேடிப் பார்த்தாள். நகரத்தை விட்டுத் தள்ளி, பேருந்தின் கடைசி நிறுத்தத்தில், இரண்டே நட்சத்திரத்தோடு இருந்தது. இணையத்தில் கட்டிடத்தின் படம் ஒன்று மட்டும் கிடைத்தது. சிலையின் படம் இல்லை. உள்ளே படம் எடுக்கத் தடையாம்.

"சரிம்மா, போலாம். சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாள் இருக்கு. திங்கக்கிழமை சாயங்காலம் பிளைட். என்னைக்கு வச்சுக்கலாம்?"

"திங்கக்கிழமை வை" என்றாள் அம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல். "அன்னைக்குத்தான் கூட்டமே இருக்காது. நிம்மதியா நின்னு பார்க்கலாம்."

மியூசியம் விஷயத்தில் அம்மாவுக்குத் தெரியாததா என்று மகளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

முதல் இரண்டு நாளும் மகளின் பட்டியலோடு அம்மா நடந்தாள். நடந்தாள் என்றால் நடந்துகொண்டே இருந்தாள். எந்தச் சிற்பத்தின் முன்னாலும் அவள் கால் நிற்கவில்லை. மகள் ஓர் ஓவியத்தின் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தால் அம்மா அடுத்த அறையில் இருப்பாள்.

"ஏம்மா இப்படி ஓடுற? யாராவது துரத்துறாங்களா?"

"ஓடலைடி. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஓடிக்கிட்டே எப்படிப் பார்ப்ப?"

"அதுல நான் எம்.ஏ. படிச்சவ" என்றாள் அம்மா. மகள் சிரித்தாள், பிறகு, அது சிரிக்கிற விஷயம்தானா என்று யோசித்தாள்.

ஐந்து நட்சத்திர அரண்மனையில் அம்மா ஒரு தடவைகூட நிமிர்ந்து கூரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். "இங்க ஒருத்தரும் நிக்கலைடி. பாரு, நடந்த தேய்மானம்தான் இருக்கு, வாசல்லேருந்து வாசல் வரைக்கும் ஒரே கோடா. வந்திருக்காங்க, போட்டோ எடுத்திருக்காங்க, போயிருக்காங்க."

ஆனால் வெளியே வந்து ஒரு சந்தில் குறுக்கே நடந்தபோது சட்டென்று மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு பழைய கட்டிடத்தின் சுவரை ஒட்டி, பாவிய கல் ஒன்று கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது.

"இங்க நின்னிருக்காங்க. ரொம்பப் பேரு, ரொம்ப நேரம் நின்னிருக்காங்க. நாமளும் நிப்போம்."

"இங்க என்னம்மா இருக்கு? வெறும் சுவரு. பட்டியல்லயே இல்ல."

"காலு பொய் சொல்லாது. நில்லு."

பத்து நிமிஷம் ஆனது. மகள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அப்போது மேலே ஒரு பெரிய ஜன்னல் திறந்தது. உள்ளே யாரோ பிள்ளைகள், நூறு பேராவது இருக்கும், சேர்ந்து பாட்டுப் பழக ஆரம்பித்தார்கள். ஒரே வரியைத் தப்பாகப் பாடினார்கள், திரும்பப் பாடினார்கள், நாலாம் தடவை அது சரியாக வந்தது. சுவர் ஓரமாக எங்கிருந்தோ வந்து எட்டுப் பத்துப் பேர் நின்றுவிட்டார்கள். மகளின் பட்டியலில் அன்று மூன்று இடங்கள் விடுபட்டுப்போயின. அவள் கோபப்படவில்லை. அறைக்குத் திரும்பியதும் பட்டியலின் ஓரத்தில் 'சுவர்' என்று எழுதி, ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை அம்மா விடிவதற்கு முன்பே குளித்துவிட்டாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, யாரையோ ரயிலடியில் வரவேற்கப் போகிறவள் மாதிரி அடிக்கடி நேரம் கேட்டாள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தால், கேட் பூட்டியிருந்தது. பலகையில் இருந்ததை மகள் போனில் மொழிபெயர்த்துப் படித்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள்.

"அம்மா... திங்கக்கிழமை லீவாம்."

"என்னடி சொல்ற? திங்கக்கிழமை எப்படி லீவு இருக்கும்? மியூசியம்னா திங்கக்கிழமை..."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

மகளுக்கும் அப்போதுதான் புரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக மற்ற நாளெல்லாம் அம்மா பின்வாசல் வழியாகப் போய் ஓரமாக நகர்ந்து வேலை பார்க்கிறவள். திங்கட்கிழமை ஒரு நாள்தான் ஏணியும் வாளியுமாக முன்வாசல் வழியாகப் போவாள். அன்றுதான் எல்லா விளக்கும் எரியும், பெட்டிகளை எல்லாம் திறப்பார்கள், வேலை பெண்டு நிமிர்த்தும். உலகத்துக்கெல்லாம் மூடியிருக்கிற நாள் அவளுக்கு முழுசாகத் திறந்திருக்கிற நாள். அது விடுமுறை என்பது அவள் நினைவில் ஏறியதே இல்லை. ஏறுகிற மாதிரி அவளை யாரும் வைத்திருக்கவும் இல்லை.

"நான் ஒரு தடவை பார்த்திருக்கணும்மா. என் தப்பு."

"உன் தப்பு என்ன? ஊருக்கெல்லாம் தெரிஞ்சது எனக்குத் தெரியல. கிறுக்கச்சி நான்." கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா உள்ளே பார்த்தாள். "சாயங்காலம் பிளைட்டு இல்ல?"

"ஆமாம்மா. ரெண்டு மணிக்காவது இங்கிருந்து கிளம்பணும்."

 பிறகு அம்மா கம்பியை விட்டுவிட்டு, கட்டிடத்தைச் சுற்றிப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். எந்த அருங்காட்சியகத்துக்கும் பின்வாசல் எங்கே இருக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குப்பைத் தொட்டி, அதன் பக்கத்தில் காயும் மாப்புகள், மூன்று படி. படியில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியக்காவின் வயதுதான் இருக்கும். புடவையைப் பார்த்து வியந்து, அதற்கப்புறம் அவள் கைகளைப் பார்த்தாள். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்த கைகள். அந்தப் பெண் தன் கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மகள் போனை எடுத்தாள். எந்த விண்ணப்பத்திலும், எந்தத் தோழியிடமும் 'அம்மா மியூசியத்தில் இருக்கிறார்' என்று மட்டும் சொல்லிப் பழகியவள், கொஞ்சம் தயங்கி, பிறகு தெளிவாகச் சொன்னாள்: "இவங்க என் அம்மா. உங்களை மாதிரியே மியூசியத்துல துடைக்கிற வேலை செய்றாங்க. உங்ககிட்ட ஒரு சிலையோட மேல்பாதி இருக்கு. அதோட கால் எங்க ஊர்ல இருக்கு. அம்மா தினம் அதைத் துடைக்கிறாங்க. முகத்தைப் பார்க்க வந்திருக்காங்க."

போன் அதை அந்த ஊர் மொழியில் சொன்னது. நீலக் கோட்டுப் பெண் ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள். எழுந்தாள். கதவைப் பாதி திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, வா என்று கையசைத்தாள்.

அம்மாவின் கால் முதல் படியில் ஏறியது. அங்கேயே நின்றது. கதவுக்கு மேலே, மூலையில் ஒரு கேமரா கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"வாம்மா! கூப்பிடுறாங்க இல்ல!"

"வேணாம்."

"என்னம்மா நீ? இத்தனை தூரம் வந்துட்டு, அஞ்சு நிமிஷம்மா!"

"எங்ககூட மாடிப்படி துடைச்ச மாடிப்படிக்காரி இருந்தாளே, ஞாபகம் இருக்கா? தங்கச்சியை ஒரு நாள் உள்ள கூட்டிட்டு வந்து காட்டினா. மறுநாள் அவளுக்கு வேலை இல்ல. எதையும் திருடல, உடைக்கல. காட்டினா, அவ்வளவுதான். எனக்கு ஒரு முகம் பார்க்கிறதுக்காக இவ வயித்துல மண்ணு விழணுமா?" கேமராவைக் காட்டி, கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துத் தலையை ஆட்டினாள். அதற்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. நீலக் கோட்டுப் பெண் கதவைச் சாத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போட்டோவாவது எடுத்துட்டு வரச் சொல்லவா?"

"போனை வாங்கி வச்சுக்கிட்டுத்தான் உள்ள விடுவாங்க. எங்களுக்கும் அப்படித்தான்."

அந்தப் பெண் மகளின் சட்டையைத் தொட்டு, பொறு என்று சைகை செய்தாள். படியிலிருந்து இறங்கிக் காலி வாளி ஒன்றை எடுத்தாள். அதை இரண்டு கையாலும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள். இடது முழங்கை சற்று வெளியே, கழுத்து வலப்பக்கம் ஒரு சாய்வு. அப்படியே அசையாமல் நின்றாள்.

கண்ணாடியக்கா படியிலிருந்து இறங்கினாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டாள். செருப்பை உதறினாள். அவள் பக்கத்தில் போய், இடது பாதத்தைப் பதித்து, வலது குதிகாலை ஒரு விரற்கடை தூக்கி, கட்டைவிரலை ஊன்றி நின்றாள். நீலக் கோட்டுப் பெண் கண்ணை மட்டும் தாழ்த்தி அந்தக் காலைப் பார்த்தாள். அவளும் அத்தனை வருஷமாகக் கால் இல்லாத ஒருத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவள்தானே. தன் காலையும் அதே மாதிரி வைத்தாள். தலைமேல் வாளி ஆடாமல் நின்றது. அந்தப் பாரத்துக்கு அந்தக் கால் சரியாக இருந்தது.

"பாரம்டி!" என்று கத்தினாள் அம்மா. "நான் சொன்னேன்ல! ஆட்டமாம், வானுலகமாம்! கூடை தூக்குறவடி அவ! நம்மள மாதிரி ஒருத்தி!"

"ஐயோ அம்மா, மெதுவா!"

"எதுக்கு மெதுவா? எத்தனை வருஷமா என்னை வாயை மூடச் சொல்லியிருக்காங்க தெரியுமா?"

நீலக் கோட்டுப் பெண்ணும் சத்தமாகச் சிரித்தாள். மூன்று பேரும் படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். அம்மா தன் கன்னத்தைத் தொட்டு, கண்ணைத் தொட்டு, வாயைத் தொட்டு, கையை விரித்தாள். முகம்? முகம் எப்படி இருக்கும்?

அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டாள். முகத்தில் ஏதோ மாற ஆரம்பித்த அந்த நேரத்தில் உள்ளிருந்து ஓர் ஆண் குரல் அதட்டியது. என்ன சொன்னான் என்று தெரியாது. ஆனால் இரண்டு பெண்களும் ஒரே நொடியில் துள்ளி எழுந்தார்கள். நீலக் கோட்டுக்காரி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கண்ணாடியக்காவோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, துடைக்கிற துணியைத் தேடி, குனிந்துவிட்டாள்.

மகள் அம்மாவின் தோளைப் பிடித்தாள். 

"அம்மா, உன்னை இல்லம்மா. உன்னைக் கூப்பிடல."

"ஆமா இல்ல?" என்று அம்மா அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, அந்தப் படியில் திரும்ப உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்மா. கோபுரம் ஒண்ணு பாக்கி. போகலாமா?"

"நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் இங்க இருக்கேன்."

மகள் போகவில்லை. கோபுரம் அங்கேயேதான் இருக்கப்போகிறது. அவள் அம்மாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, மாடிப்படிக்காரிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். இதுவரை அவள் கேட்டதே இல்லை. அம்மா சொன்னாள். விசிலைப் பற்றிச் சொன்னாள், எலிப்பொறியின் மூக்குக் கறைகளைப் பற்றிச் சொன்னாள். நேரம் போனதே தெரியவில்லை.

ஒன்றே முக்கால் மணி இருக்கும். மேலே, முதல் மாடியில் ஜன்னல் ஒன்று திறந்தது. தூசித் துணியை உதற வந்தவள் மாதிரி அந்தப் பெண் தலையை வெளியே நீட்டினாள். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள், கழுத்தைச் சாய்த்தாள். பிறகு, தனக்குப் பின்னால் அந்த அறைக்குள் எங்கேயோ நிற்கிற கல் முகத்தைத் தன் முகத்தில் கொண்டுவந்தாள்.

பல் தெரியாத சிரிப்பு அது. ஒரு பக்கத்து உதடு மட்டும் மேலே ஏறியிருந்தது. கண் நேராகப் பார்க்காமல் பக்கத்தில், சற்றுத் தாழ்வாக, யாரையோ பார்த்தது. ஒருத்தி குனிந்து கூடையைத் தூக்கி இன்னொருத்தி தலையில் ஏற்றிவிட்டு நிமிரும்போது, சுமக்கிறவள் அவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கனம் கழுத்தில் இறங்கியும் வாயில் இறங்காத சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் பத்து நொடி, பதினைந்து நொடி, அப்படியே வைத்திருந்தாள்.

கண்ணாடியக்கா எழுந்து நின்றாள். நகராமல், கையால் எதையும் துடைக்காமல், இரண்டு காலையும் பதித்து நின்று அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய ஒரு பக்கத்து உதடும் தானாக மேலே ஏறியது.

மகள் அவசரமாகப் போனை உயர்த்தினாள். அம்மா கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அந்தப் போனைக் கீழே இறக்கினாள்.

"வேணாண்டி. அவளுக்கு வம்பு வந்துடும்" என்றாள். "நான் பார்த்துட்டேன்."